இரண்டாம் அடியைக் கேளுங்கள்: வியன்னா வால்ட்ஸ், போல்கா ஒலிப்பதிவுகளை ஒப்பிடுவது எப்படி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

யோஹான் ஸ்ட்ராவுஸ் எழுதிய மூன்றடித் தாள நடன இசையான 'நீல டான்யூப்' வால்ட்ஸுக்கு எந்தப் பதிவு சிறந்தது என்று கேட்டால் உடனே ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஒருவரின் பெயர் வரும். காராயன் என்பார்கள், கிளைபர் என்பார்கள், போஸ்கோவ்ஸ்கி என்பார்கள். ஏன் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் "உயிரோட்டமாக இருக்கிறது" என்பதோடு பேச்சு நின்றுபோகும். மெட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இதற்கு மேல் சொல்ல எதுவும் கிடைக்காது. தேர்ந்த ஆர்கெஸ்ட்ராவின் முதல் வயலின்கள் ஸ்ட்ராவுஸ் மெட்டை எங்கே வாசித்தாலும் இனிமையாகத்தான் இருக்கும். பதிவுக்குப் பதிவு உண்மையில் மாறுவது மெட்டுக்குக் கீழே ஓடும் துணை வாசிப்பு. டபுள் பேஸும் செல்லோவும் முதல் அடியைப் போடுகின்றன. இரண்டாம் வயலின்களும் வயோலாக்களும் இரண்டாம், மூன்றாம் அடிகளைப் போடுகின்றன. இன்று உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: கொஞ்ச நேரம் மெட்டை மறந்துவிட்டு, அந்த இரண்டாம் அடி எங்கே விழுகிறது என்று பின்தொடருங்கள்.

மூன்று அடி சேர்ந்தது ஒரு பார். நடன மேடையில் வியன்னா வால்ட்ஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 பார் ஓடும். அதாவது ஒரு பாருக்கு ஒரு விநாடி. மூன்று அடிகளும் சமமாக இருந்தால் இரண்டாம் அடி 333 மில்லி விநாடியிலும் மூன்றாம் அடி 667-லும் விழவேண்டும். வியன்னாக்காரர்கள் அப்படி வாசிப்பதில்லை. இரண்டாம் அடி சற்று முந்தி வரும். 280-லோ 300-லோ வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அடி ஏறக்குறைய தன் இடத்திலேயே நிற்கும். அதனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு சிறு வெளி திறக்கிறது. ஆடுபவரின் உடல் சுழன்று மேலெழும்பி நிற்கும் கணம் அந்த வெளியில்தான் இருக்கிறது.

கர்நாடக இசையில் ஊறியவர்களுக்கு எடுப்பு தள்ளி வருவது நினைவுக்கு வரும். இரண்டும் வேறு. அனாகத எடுப்பில் அரை இடம், முக்கால் இடம், ஒன்றரை இடம் என்று கணக்கு இருக்கிறது. கையில் தாளம் போட்டுச் சரிபார்க்கலாம். வியன்னாவின் இரண்டாம் அடிக்கு அப்படிக் கணக்கு கிடையாது. அச்சிட்ட ஸ்கோரில், அதாவது இசைக்குறிப்பில், மூன்று கால்-சுரங்களும் ஒரே அளவில்தான் நிற்கின்றன. எவ்வளவு முந்துவது என்பதை வாசிப்பவர்கள் அந்தந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அறிமுகப் பகுதியிலிருந்து வால்ட்ஸ் மெல்லக் கிளம்பும்போது முந்தல் அதிகமாக இருக்கும். வேகம் ஏற ஏறக் குறையும். மெட்டில் எட்டில்-ஒன்று சுரங்கள் ஓட ஆரம்பித்தால் துணை வாசிப்பு நேராகிவிட வேண்டும். இல்லையென்றால் மேலேயும் கீழேயும் மோதிக்கொள்ளும். ஒரு சொற்றொடர் முடிந்து மூச்செடுக்கும் இடத்தில் முந்தல் மறுபடி தலைகாட்டும்.

இங்கேதான் பல ஆர்கெஸ்ட்ராக்கள் தடுக்கி விழுகின்றன. 'இரண்டாம் அடி முந்த வேண்டும்' என்பதை விதியாக மனப்பாடம் செய்துகொண்டு முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை ஒரே அளவில் முந்தினால் நடை நொண்டிவிடும். இன்னொரு கோளாறு: முதல் அடியை டபுள் பேஸ் நீட்டி இழுத்தால் இரண்டாம் அடி அதன் வாலில் மூழ்கிப்போகும். முதல் அடி குட்டையாக, வட்டமாக இருக்க வேண்டும். மூன்றாம் அடியை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது இதைவிட மோசம். வால்ட்ஸ் தள்ளாட ஆரம்பித்துவிடும். நடத்துநர் ஒவ்வொரு பாருக்கும் மூன்று அடி காட்டினால் வாசிப்பவர்கள் கோலைப் பார்த்துச் சமமாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பாருக்கு ஒரே வீச்சு காட்டிவிட்டு உள்ளே நடப்பதை இரண்டாம் வயலின்களிடம் ஒப்படைப்பவரே இந்த இசைக்கு ஏற்றவர். ஸ்ட்ராவுஸ் காலத்தில் இசைக்குழுத் தலைவர் கையில் வில்லும் வயலினுமாக முன்னால் நின்று வாசித்துக்கொண்டே நடத்தினார் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். வாசிப்பவர்கள் கைச்சைகையைவிட அவருடைய உடலையும் வில்லையும்தான் பின்பற்றினார்கள். அன்றைய குழு இன்றைய சிம்பனி ஆர்கெஸ்ட்ராவைவிடச் சிறியது என்பதும் இதற்கு உதவியது.

சரி, ஒப்பிடுவதற்கு உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வது?

மொத்த நேரத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். வால்ட்ஸின் கட்டமைப்பு இப்படி: ஓர் அறிமுகம், அதன்பின் பெரும்பாலும் ஐந்து சிறு வால்ட்ஸ்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள், அவற்றுக்கு மீள்வாசிப்புக் குறிகள், முடிவில் கோடா எனும் நிறைவுப் பகுதி. எந்த மீள்வாசிப்பை வாசிப்பது, எதை விடுவது என்பதில் நடத்துநருக்கு நடத்துநர் மாற்றம் உண்டு. ஒரு பதிவு 9 நிமிடம், இன்னொன்று 11 நிமிடம் என்றால் இரண்டாவது மெதுவானது என்று பொருளில்லை. மீள்வாசிப்புகளை முழுதாக வாசித்திருக்கலாம். 'மது, மாது, பாட்டு' வால்ட்ஸின் அறிமுகம் மிக நீளமானது. அதைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். பழைய 78 சுற்று இசைத்தட்டில் 12 அங்குலப் பக்கம் ஒன்றுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் உண்டு. ஒரு வால்ட்ஸை இரண்டு பக்கத்தில் அடக்க வேண்டியிருந்ததால் வெட்டினார்கள், சில இடங்களில் விரைந்தார்கள். அதை நடத்துநரின் ரசனை என்று எடுத்துக்கொண்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். வியன்னா பில்ஹார்மனிக் ஆர்கெஸ்ட்ரா ஆண்டுதோறும் வாசிக்கும் புத்தாண்டுக் கச்சேரியின் நேரடிப் பதிவுகளில் வேறொரு சிக்கல். 'நீல டான்யூப்' அறிமுகத்தில் வயலின்கள் நடுங்கும் ஓசையைக் கேட்டவுடன் அவை கைதட்டும்; வாசிப்பு நிற்கும்; நடத்துநர் திரும்பி வாழ்த்துச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அந்தக் கைதட்டலும் வாழ்த்தும் டிராக் நேரத்தில் சேர்ந்துவிடும்.

வேகத்தை அளக்க எளிய வழி, மெட்டு நிலைகொண்ட பிறகு 16 பார் எண்ணி நிறுத்துகடிகாரத்தில் பார்ப்பது. 16 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 60 பார். 18 ஆனால் 53. 20 ஆனால் 48. இதை ஒரே பதிவில் மூன்று இடங்களில் செய்யுங்கள்: முதல் வால்ட்ஸில், மூன்றாவதில், கோடாவில் முதல் மெட்டு திரும்பி வரும்போது. மூன்று எண்களும் ஒன்றாகவே இருந்தால் அந்த வாசிப்பில் ஏதோ குறைகிறது. நல்ல வாசிப்பில் ஒவ்வொரு வால்ட்ஸுக்கும் தனி நடை இருக்கும். அந்த நடைகளுக்கு நடுவில் தையல் தெரியாது.

கேட்கும் கருவியையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள். செயலியில் பாட்டுகளை ஒன்றோடொன்று கலக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அறிமுகத்தின் முதல் சில விநாடிகளை அது விழுங்கிவிடும். இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் காதால் சமப்படுத்திய பிறகே ஒப்பிடுங்கள், ஏனென்றால் சத்தம் கூடிய பதிவு எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். மோனோ பதிவுக்குச் செயற்கை எதிரொலி சேர்த்து ஸ்டீரியோபோல் விற்கும் மறுவெளியீடுகளைத் தவிருங்கள். அந்த எதிரொலியில் முதலில் அழிவது இரண்டாம் அடிதான். அளவு துல்லியமாக வேண்டுமென்றால் அடாசிட்டி போன்ற மென்பொருளில் ஒலி அலையைப் பெரிதாக்கி, பேஸ் விழும் இடத்தையும் இரண்டாம் வயலின் விழும் இடத்தையும் குறித்துப் பார்க்கலாம். பத்துப் பார் குறித்தாலே படம் தெளிவாகும்.

இனிப் பதிவுகளுக்கு வருவோம்.

புரூனோ வால்ட்டர் 1937-இல் வியன்னா பில்ஹார்மனிக்குடன் பதிவுசெய்த 'பேரரசர் வால்ட்ஸ்' கட்டாயம் கேட்க வேண்டியது. யோஹான் ஸ்ட்ராவுஸ் 1889-இல் எழுதியது அது, ஓபஸ் (படைப்பு எண்) 437. தாழ்ந்த குரலில் ஓர் அணிவகுப்போடு தொடங்குகிறது. தனிச் செல்லோ ஒன்று அதை வால்ட்ஸுக்கு அழைத்து வருகிறது. வால்ட்டர் அணிவகுப்பை அலட்டாமல் நடத்திவிட்டு, வால்ட்ஸ் தொடங்கும் இடத்தில் கொஞ்சம்தான் இளகுகிறார். பதிவின் இரைச்சலைத் தாண்டிக் காது பழகிவிட்டால் துணை வாசிப்பின் தெளிவு ஆச்சரியப்படுத்தும். இதற்கு நேர்மாறாக ஃபுர்ட்வெங்லர் 1950-இல் அதே ஆர்கெஸ்ட்ராவோடு செய்த பதிவு. அவர் இந்த வால்ட்ஸை ஒரு சிம்பனிக் கவிதையாகவே பார்க்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நிதானிக்கிறார். அதன் பிரமாண்டம் மனதைக் கவர்கிறது. ஆனால் கால் ஆட மறுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புத்தாண்டுக் கச்சேரி மரபைத் தொடங்கிவைத்தவர் க்ளெமென்ஸ் க்ராவுஸ். முதல் கச்சேரி 1939 டிசம்பர் 31 அன்று நடந்தது. அதன் வருவாய் நாஜி ஆட்சியின் குளிர்கால நிவாரண நிதிக்குப் போனது. வால்ட்டர் அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாகிவிட்டது. அந்த ஆர்கெஸ்ட்ராவின் யூத உறுப்பினர்கள் விரட்டப்பட்டார்கள். அவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். இந்த இசையின் ஒலிப்பதிவு வரலாற்றைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. க்ராவுஸ் 1950-களின் தொடக்கத்தில் டெக்காவுக்குச் செய்த மோனோ பதிவுகள் இன்றும் பாடநூல்போல் பயன்படுகின்றன. அவரிடம் கவனிக்க வேண்டியது சிக்கனம். வேகத்தை நெகிழ்த்துகிறார் என்று சொல்லி இடத்தைக் காட்டச் சொன்னால் விரல் வைக்க முடியாது. அவ்வளவு சிறிய நெகிழ்வு.

அடுத்து 1955 முதல் 1979 வரை 25 புத்தாண்டுக் கச்சேரிகளை நடத்திய வில்லி போஸ்கோவ்ஸ்கி. அந்த ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை வயலின் கலைஞர் அவர். ஸ்ட்ராவுஸைப் போலவே வயலினும் கையுமாக நின்று நடத்தினார். டெக்கா நிறுவனம் அவருடைய ஸ்டூடியோ பதிவுகளை வியன்னாவின் சோஃபியன்சாலில் எடுத்தது. அது முதலில் நீராவிக் குளியல் கூடமாகக் கட்டப்பட்டு, பிறகு நடனக் கூடமானது. தரைக்குக் கீழே பழைய நீச்சல்குளம் வெற்றிடமாக இருந்தது. அந்தப் பதிவுகளில் பேஸ் ஒலிக்கு உள்ள உடலுக்கும் வெதுவெதுப்புக்கும் கூடத்தின் பங்கு பெரிது. இரண்டாம் அடியைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் போஸ்கோவ்ஸ்கியிடமிருந்து தொடங்குங்கள். முந்தல் தெளிவாகக் கேட்கும், ஒருபோதும் காட்சிப்பொருளாகாது. குறை என்று சொன்னால், நூற்றுக்கணக்கான உருப்படிகளைப் பதிவுசெய்ததில் சில இடங்களில் பழக்கத்தின் சாயல் இருக்கிறது. அதிகம் அறியப்படாத வால்ட்ஸ்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன. 1979-இன் கடைசிக் கச்சேரியை டெக்கா டிஜிட்டலில் நேரடியாகப் பதிவுசெய்தது. அதில் அந்தச் சோர்வு கொஞ்சமும் இல்லை.

வியன்னாவுக்கு வெளியே என்றால் ஃபிரிட்ஸ் ரைனர் 1957-லும் 1960-லும் சிகாகோ சிம்பனியோடு ஆர்சிஏ நிறுவனத்துக்குச் செய்த பதிவுகள். ரைனர் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். மெட்டுக்கும் பேஸுக்கும் நடுவில் ஓடும் ஒவ்வொரு உட்குரலும் வெட்டிவைத்ததுபோல் கேட்கிறது. பித்தளைக் கருவிகள் பளபளக்கின்றன. வியன்னா ஹார்னுக்கும் அமெரிக்க ஹார்னுக்கும் உள்ள வேற்றுமையை இங்கே படிக்கலாம். வியன்னா ஹார்ன் எஃப் சுருதியில் நீண்ட ஒற்றைக் குழாய், பம்ப் வால்வு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். 'நீல டான்யூப்' தொடங்கும்போது வயலின்களின் நடுக்கத்துக்கு அடியில் ஹார்ன் மேலேறும் அந்த வரியை மட்டும் இரண்டு பதிவுகளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சிகாகோவில் சுரங்கள் படிப்படியாக நிற்கும். வியன்னாவில் ஒன்றிலிருந்து ஒன்று கசியும். ஓபோ என்ற ஊதுகருவியிலும் இந்த வேற்றுமை உண்டு. டிம்பனி முரசில் ஆட்டுத்தோல் போர்த்துவது வியன்னா வழக்கம். பிளாஸ்டிக் தோலைவிட ஒலி இருண்டு, விரைவில் அடங்கும்.

ஒரே கூடம், ஒரே ஆர்கெஸ்ட்ரா, ஐந்து வருட இடைவெளி: ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. யோசெஃப் ஸ்ட்ராவுஸ் 1868-இல் எழுதிய 'கோளங்களின் இசை'யை ஹெர்பெர்ட் ஃபான் காராயன் 1987 புத்தாண்டிலும் கார்லோஸ் கிளைபர் 1992 புத்தாண்டிலும் நடத்தினார்கள். யோஹானின் தம்பி யோசெஃப் 43 வயதுகூட நிறையாமல் இறந்தவர். இசைக்கோவையின் நுட்பத்தில் அண்ணனையே மிஞ்சியவர் என்பது என் கருத்து. இந்த வால்ட்ஸின் அறிமுகம் ஹார்ப்போடும் நீண்ட நாணொலிகளோடும் காற்றில் மிதக்கிறது. காராயனுக்கு அது ஒரே புத்தாண்டுக் கச்சேரி. உடல்நலம் குன்றிய காலம். அவர் அறிமுகத்தின் மௌனத்தை வால்ட்ஸுக்குள்ளும் கொண்டுவருகிறார். வில் நாணைவிட்டு எடுக்கப்படுவதே இல்லை என்று தோன்றும். முதல் வால்ட்ஸ் எப்போது தொடங்கியது என்று உணர்வதற்குள் நான்கு பார் போய்விடும். இரண்டாம் அடி மிக மென்மை, முந்தல் மிகக் குறைவு. கிளைபரில் அதே இடத்தில் வால்ட்ஸின் நுழைவு ஒரு முடிவு எடுத்ததுபோல் இருக்கும். முதல் சுரத்துக்கு முன் மூச்சு. பிறகு உடனே உந்துதல். முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் உட்கார வைத்திருப்பதால் வலது ஸ்பீக்கரில் காதை வைத்தாலே துணை வாசிப்பு தனியாகக் கிடைக்கும். மெட்டு திரும்பி வரும்போது அதே இடத்தில் அதே முந்தல் இருக்காது. இரண்டாம் முறை நேராக்கிவிட்டு வேகத்தைக் கொஞ்சம் இறுக்குகிறார். பதற்றத்துக்கு ஒரு நூலிழை தள்ளி நிற்கும் வாசிப்பு. சிலருக்கு அது மிகை என்று படலாம். இந்த ஒரு வால்ட்ஸுக்கு என் கை காராயனிடம்தான் போகும். 1989 கச்சேரியின் 'கலைஞர் வாழ்வு' வால்ட்ஸுக்குக் கிளைபர்தான்.

நிகோலவுஸ் ஹார்னன்கூர் 1980-களில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவுசெய்தது வேறு வகை. காலங்காலமாகச் சேர்ந்த பழக்கங்களைக் கழற்றிவிட்டு மூல ஸ்கோர்களுக்குப் போனவர் அவர். சர்க்கரை குறைவு, உட்குரல்களின் உரசல் தெரியும். 2001 புத்தாண்டில் 'ராடெட்ஸ்கி அணிவகுப்பை' மூல வடிவில் வாசித்தே கச்சேரியைத் தொடங்கினார். அதுவரை உலகமே கேட்டுவந்தது லியோபோல்ட் வெனிங்கர் செய்த பருமனான மறுகோர்ப்பு. நாஜிக் கட்சி உறுப்பினரான அவருடைய வடிவத்தை வியன்னா பில்ஹார்மனிக் 2020-இலிருந்து வாசிப்பதில்லை. 2019-க்கு முந்தைய பதிவையும் பிந்தையதையும் அடுத்தடுத்துக் கேட்டால் தாளக்கருவிகளின் எடை குறைந்திருப்பது புரியும்.

மும்பையில் பிறந்து வியன்னாவில் படித்த சுபின் மேத்தா இந்தக் கச்சேரியை ஐந்து முறை நடத்தியிருக்கிறார். மாணவப் பருவத்தில் அவர் கற்ற கருவி டபுள் பேஸ். முதல் அடி அவர் பதிவுகளில் எவ்வளவு உறுதியாக விழுகிறது என்று கவனியுங்கள்.

முழு ஆர்கெஸ்ட்ராவில் உட்குரல்களைப் பிரித்தறிய முடியாதவர்கள் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1925-இல் 'பேரரசர் வால்ட்ஸை' புல்லாங்குழல், கிளாரினெட், நால்வர் வில்லிசை, பியானோ என்று ஏழு பேருக்குச் சுருக்கியதைக் கேட்கலாம். எலும்புக்கூடு முழுவதும் வெளியே தெரியும். அதன்பின் போஸ்கோவ்ஸ்கிக்குத் திரும்பினால் முன்பு கேட்காதது கேட்கும்.

போல்காவில் சோதனை வேறு. இரண்டடித் தாளம், முந்தலுக்கு இடமில்லை. இங்கே முதல் கேள்வி, எந்த வகைப் போல்கா என்பது. பிரெஞ்சு போல்கா நிதானமானது. 1852-இன் 'அன்னன் போல்கா' அந்த வகை. அதை விரட்டினால் அதன் நாணமே போய்விடும். போல்கா-மசூர் மூன்றடித் தாளம். ஆனால் அழுத்தம் இரண்டாம் அடியிலோ மூன்றாம் அடியிலோ விழும். அதை வால்ட்ஸைப் போல முதல் அடியில் அழுத்தி வாசிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. யோசெஃபின் 'தும்பி'யை கிளைபர் 1989-இல் வாசித்ததைக் கேட்டால், அந்த அழுத்தம் எப்படி மிதக்க வேண்டும் என்பது விளங்கும். 'பிட்சிகாட்டோ போல்கா' 1869-இல் ரஷ்யாவின் பாவ்லோவ்ஸ்க்கில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து எழுதியது. வில்லே தொடாமல் விரலால் மீட்டுவது மட்டும். நடத்துநர் இடைநிறுத்தங்களை எவ்வளவு இழுத்தாலும் மீண்டும் சேரும்போது ஐம்பது பேரின் விரலும் ஒரே ஓசையாக விழுகிறதா என்று பாருங்கள். பிசிறினால் அந்தப் பதிவை ஒதுக்கிவிடலாம். யோசெஃபின் 'தீக்கு அஞ்சாதது' ஒரு இரும்புப் பெட்டக நிறுவனத்துக்காக எழுதிய பிரெஞ்சு போல்கா. அதில் பட்டறைக் கல்லில் சுத்தியல் விழும். சுத்தியலை மெட்டுக்கு மேலே உயர்த்தி வைத்த பதிவுகள் உண்டு. அவற்றை இரண்டாம் முறை கேட்க மனம் வராது.

வேகப் போல்காவில் அளவுகோல் மிகச் சிறிய சுரம். 'ட்ரிச்-ட்ராச்'சில் பிக்கோலோ எனும் சிறு புல்லாங்குழலும் வயலினும் வாசிக்கும் பதினாறில்-ஒன்று சுரங்களைத் தனித்தனியாக எண்ண முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அந்த வேகம் ஆர்கெஸ்ட்ராவுக்கோ கூடத்துக்கோ மிகுதி. எதிரொலி நீண்ட கூடத்தில் அதே வேகம் கலங்கும். வறண்ட ஸ்டூடியோவில் தெளியும். எனவே வேகத்தை மட்டும் குறை சொல்லக்கூடாது.

இப்போது 1868-இன் 'இடியும் மின்னலும்' இரண்டு பதிவுகளில் ஒலிக்கப்போகிறது: முதலில் ரைனரின் சிகாகோ, பிறகு கிளைபரின் 1992 வியன்னா. டிம்பனியின் உருட்டல்தான் இடி, சிம்பல்தான் மின்னல். உருட்டல் முடியும் இடத்தில் அடுத்த பாரின் முதல் அடி சுத்தமாகக் கேட்கிறதா, அல்லது உருட்டலின் வால் அதன்மேல் படிகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.